பட்டனைத் தட்டினால் பாட்டு வந்துவிடுமா?

"எல்லாம் கம்ப்யூட்டர் பண்ற வேலைப்பா, இதுல என்ன இருக்கு?"

எலெக்ட்ரானிக் இசையைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் பத்து நிமிடத்துக்குள் இந்த வசனம் வந்தே தீரும். 1992-ல் 'ரோஜா' வந்தபோது ஏ.ஆர்.ரஹ்மானைப் பற்றியும் சிலர் இதையேதான் சொன்னார்கள். சிறு வயதிலிருந்தே இளையராஜா உட்படப் பலருடைய குழுக்களில் கீபோர்டு வாசித்து வளர்ந்தவர் அவர் என்ற விவரமெல்லாம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. கம்ப்யூட்டர் இருக்கிறது, பட்டன் இருக்கிறது, தட்டினால் பாட்டு வருகிறது. மேட்டர் முடிந்தது!

வேடிக்கை என்னவென்றால், முதன்முதலாக இசை மென்பொருளைத் தரவிறக்கும் பலரும் இதை நம்பித்தான் தரவிறக்குகிறார்கள். தட்டிப் பார்க்கிறார்கள். ஏதோ சத்தம் வருகிறது, பாட்டு வருவதில்லை. உடனே இரண்டில் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். ஒன்று, "நமக்கு இசை ஞானம் இல்லை". இல்லாவிட்டால், "இந்த சாப்ட்வேர் சரியில்லை, அந்த சாப்ட்வேரைப் பிடிக்கணும்". இரண்டுமே தப்பு. முதல் சில மாதங்களில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பொறுமையாகப் பார்த்தால் ஏன் தப்பு என்பது புரியும்.

முதல் பத்து நிமிடம்

புதியவர் ஒருவர் எஃப்.எல். ஸ்டுடியோவைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெல்ஜியத்து இமேஜ்-லைன் நிறுவனத்தின் தயாரிப்பு. 1997 கடைசியில் 'ஃப்ரூட்டி லூப்ஸ்' என்ற பெயரில் தலைகாட்டியபோது இது நான்கே சேனல் கொண்ட ஒரு டிரம் மெஷின், அவ்வளவுதான். 2003-ல்தான் இன்றைய பெயர் வந்தது.

திரையில் சில வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் 16 கட்டங்கள். ஒரு வரிசை கிக் டிரம்முக்கு, ஒன்று கிளாப்புக்கு, ஒன்று ஹை-ஹாட்டுக்கு. 1, 5, 9, 13-ஆம் கட்டங்களில் கிக். 5, 13-ல் கிளாப். 3, 7, 11, 15-ல் ஹை-ஹாட். இப்போது ஸ்பேஸ் பாரைத் தட்டினால்... அட! 1980களில் சிகாகோவில் பிறந்து இன்றுவரை உலகம் முழுக்க ஆட வைத்துக்கொண்டிருக்கும் ஹவுஸ் தாளம் அந்தச் சின்னத் திரையில் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தப் பத்து நிமிட சந்தோஷம் பொய்யில்லை. வயலின் கற்பவருக்கு ஒரு ஸ்வரம் கீச்சென்று அலறாமல் வருவதற்கே மாதக்கணக்கில் ஆகும். இங்கே விரல் பழக வேண்டாம், மூச்சு பழக வேண்டாம். வாசிக்கும் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. "இதுல என்ன இருக்கு" என்று கேட்பவர்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். மீதி வேலைகள் யார் தலையில் விழுகின்றன என்று அவர்கள் பார்ப்பதில்லை.

எட்டு வினாடிச் சிறை

கொஞ்சம் கணக்குப் போடுவோம். டெம்போ 120 என்றால் நிமிடத்துக்கு 120 தட்டு. நான்கு தட்டு சேர்ந்தது ஒரு பார், அதாவது 2 வினாடி. நான்கு பார் சேர்ந்தால் 8 வினாடி. புதியவர்கள் முதலில் செய்வது அநேகமாக இந்த அளவிலான ஒரு துண்டைத்தான்.

தாளம் தயார். அதன்மேல் ஒரு பேஸ், அதன்மேல் ஒரு மெட்டு, பின்னணியில் மெல்லியதாக ஒரு சிந்தசைசர் ஒலி. லூப் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. தலை தானாக ஆடுகிறது. இரண்டு மணி நேரம் போனதே தெரியாது. உலகத்தையே கலக்கப்போகும் பாட்டு கைவசம் இருப்பதாகத் தோன்றும்.

மறுநாள் அதை மூன்று நிமிடப் பாட்டாக்கலாம் என்று உட்கார்ந்தால்தான் பிரச்சினை. மூன்று நிமிடம் என்றால் 90 பார். கையில் இருப்பதோ நான்கு. காப்பி, பேஸ்ட், காப்பி, பேஸ்ட் என்று 22 முறை ஒட்டிவிட்டுக் கேட்டால், நாற்பதாவது வினாடியில் செய்தவருக்கே கொட்டாவி வருகிறது. எது முதலில் வர வேண்டும்? எது எப்போது விலக வேண்டும்? எங்கே சும்மா இருக்க வேண்டும்? இதற்கெல்லாம் எந்த மென்பொருளிலும் பட்டன் இல்லை.

இத்தனை வருடங்களாகப் பல்லவி, சரணம், நடுவில் இடையிசை என்று ஆயிரம் பாட்டுகளைக் கேட்டிருப்பார். ஆனால் சரணம் தொடங்குவதற்கு ஒரு பார் முன்னால் டிரம்ஸ் நின்றுவிடுவதையோ, இரண்டாவது இடையிசையில் முதல் இடையிசையின் வாத்தியம் திரும்ப வராததையோ கவனித்திருக்க மாட்டார். கவனிக்க வேண்டிய அவசியமே அதுவரை இருந்ததில்லை. இப்போதுதான் முதல்முறையாக அந்த முடிவுகள் அவர் தலையில் விழுகின்றன.

பெரும்பாலானவர்கள் இங்கேதான் தேங்கி நிற்பது. பாட்டை முடிக்காமல் புதிதாக இன்னொரு லூப்பைத் தொடங்கிவிடுவார்கள். 'புதுசு1', 'புதுசு2', 'புதுசு_கடைசி', 'புதுசு_கடைசி_நிஜமா' என்று எட்டு வினாடித் துண்டுகளாலேயே ஹார்ட் டிஸ்க் நிரம்பும். முழுப்பாட்டு ஒன்றுகூட இருக்காது :-)

காலித் திரை காலியாக இல்லை

புதிய ஃபைலைத் திறந்ததும் தெரியும் வெற்றுத் திரையை ஒன்றும் எழுதாத பலகை என்று நினைப்பது இயல்பு. ஆனால் அதில் ஏற்கெனவே நிறைய முடிவுகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஏபில்டன் லைவ் 120 டெம்போவில் திறக்கும். எஃப்.எல். ஸ்டுடியோவின் பழைய பதிப்புகள் 140-ல் திறக்கும். தாளம் பாருக்கு நான்கு. அடி ஒவ்வொன்றும் மயிரிழை பிசகாமல் கட்டத்தின் மேலேயே விழும். எல்லா அடிக்கும் ஒரே பலம்.

அந்தப் பலத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கணினியும் கீபோர்டும் பேசிக்கொள்ளும் மொழி 1983-ல் வந்த மிடி. அதில் ஓர் அடியின் வேகத்தை 1 முதல் 127 வரை குறிக்கலாம். அதாவது மெல்லத் தொடுவதிலிருந்து ஓங்கி அறைவது வரை 127 படிகள் இருக்கின்றன. புதியவரின் ஹை-ஹாட் வரிசையில் 16 அடியும் ஒரே எண்ணில் இருக்கும். கேட்டால் தையல் மெஷின் ஓடுவதுபோல் இருக்கும். எந்த மிருதங்க வித்வானும் பதினாறு அடியையும் ஒரே கனத்தில் அடிப்பதில்லை. அவர் கை அதை யோசிக்காமலே செய்கிறது. இங்கே யோசித்துத்தான் செய்தாக வேண்டும், ஒவ்வோர் அடிக்கும் தனித்தனியாக.

மெட்டுக்கும் இதே கதிதான். பியானோ ரோலில் இருப்பவை 12 கட்டைகள். கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாகத் தட்டினாலே மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களும் கிடைத்துவிடும். எஃப் ஷார்ப்பை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் போதும். ஆனால் மோகனம் வந்துவிட்டதா என்றால், இல்லை. ஸ்வரங்கள் வந்திருக்கும், கமகம் வந்திருக்காது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில்தான் ராகம் இருக்கிறது, அந்த வழிக்குக் கட்டை கிடையாது. மென்பொருளில் அதற்கும் இடம் உண்டு, பிட்ச் பெண்ட் என்று பெயர். மவுஸால் கோடு கோடாக வரைய வேண்டும். ஒரு நல்ல அசைவுக்கு அரை மணி நேரம் போகலாம். அதைவிட முக்கியம், எப்படி வரைய வேண்டும் என்று தெரிவதற்கு முதலில் அந்த அசைவைக் காதால் கேட்டுப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆக, மோசமான எலெக்ட்ரானிக் இசையைக் கேட்டுவிட்டு "கம்ப்யூட்டர் மாதிரி இருக்கு" என்று சொல்கிறோமே, அந்தப் பழி கணினியின் மேல் விழுவது நியாயமில்லை. யாரும் எடுக்காமல் விட்ட முடிவுகளின் சத்தம் அது. மனிதர் முடிவெடுக்காத இடத்திலெல்லாம் மென்பொருள் தனக்குத் தெரிந்ததைப் போட்டு நிரப்பிவிடுகிறது. முதல் மாதங்களில் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த முடிவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தன் கைக்கு எடுத்துக்கொள்வதைத்தான். சாதகம் என்பது இங்கேயும் உண்டு. விரலில் இருந்தது காதுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

பக்கத்து வீட்டு ஸ்பீக்கர்

எப்படியோ ஒரு பாட்டு முடிந்தது. அதை எம்.பி.3 ஆக்கி நண்பரிடம் கொடுத்தால் அடுத்த அதிர்ச்சி காத்திருக்கும். ஹெட்போனில் நெஞ்சை அதிர வைத்த பேஸ், நண்பரின் லேப்டாப்பில் இருந்த இடமே தெரியாது. காரில் போட்டால் பேஸைத் தவிர வேறெதுவும் கேட்காது!

காரணம் எளிது. கிக் டிரம்மின் அடித்தளம் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கர்கள் அவ்வளவு கீழே இறங்குவதில்லை. இன்னொரு பக்கம், கிக்கும் பேஸும் ஒரே கீழ்ஸ்தாயியில் இடத்துக்குச் சண்டை போட்டு ஒன்றையொன்று அமுக்கிவிடுகின்றன. புதியவர் என்ன செய்வார்? பேஸ் கேட்கவில்லையா, அதைக் கூட்டு. இப்போது கிக் கேட்கவில்லையா, அதையும் கூட்டு. கடைசியில் மீட்டர் சிவப்பைத் தொட்டு ஒலி கரகரவென்று உடையும்.

இதற்கு மருந்து, கூட்டுவதற்குப் பதிலாகக் குறைப்பது. பேஸுக்கு வழிவிட மற்ற வாத்தியங்களின் கீழ்ப்பகுதியை ஈக்வலைசரில் வெட்டிவிடுவது. எல்லாவற்றின் மேலும் கோயில் மண்டபம் போல எதிரொலியைப் பூசாமல் இருப்பது. "நன்றாக இருக்கிறது" என்பதற்கும் "சத்தமாக இருக்கிறது" என்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கட்டத்தில்தான் உறைக்கும். ராத்திரி இரண்டு மணிக்குப் பிரமாதமாகத் தோன்றியது காலையில் ஏன் சகிக்கவில்லை என்பதும் அப்போது புரியும். காதும் களைத்துப்போகும் உறுப்புதான்.

குற்றம் கருவி மேலா?

இத்தனையும் பட்ட பிறகு தோன்றும் அடுத்த எண்ணம், "இன்னும் நல்ல சாப்ட்வேர் இருந்தால்...". உடனே மெமரி ஸ்டிக்கில் 'கிராக்' செய்த பிளக்-இன்கள் நூற்றுக்கணக்கில் வந்திறங்கும். திருட்டு என்பது ஒரு பக்கம், வைரஸ் இன்னொரு பக்கம். மூன்றாவது நஷ்டத்தை யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு புது பிளக்-இன்னும் பாட்டை முடிக்காமல் தள்ளிப்போட ஒரு நல்ல சாக்கு.

கருவிதான் பாட்டைச் செய்கிறது என்று நம்புபவர்கள் 2007 என்ற ஒரே ஒரு வருடத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.

அந்த வருடம் சோல்ஜா பாய் என்ற 17 வயதுப் பையனின் 'கிராங்க் தட்' அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100-ல் முதலிடம் பிடித்தது. அது செய்யப்பட்டது எஃப்.எல். ஸ்டுடியோவில். "பொம்மை சாப்ட்வேர்" என்று பெரிய ஸ்டுடியோக்காரர்கள் கேலி செய்துகொண்டிருந்த அதே மென்பொருள்.

அதே வருடம் லண்டனின் பரியல் 'அன்ட்ரூ' ஆல்பத்தை வெளியிட்டார். அவர் பயன்படுத்தியதாகச் சொன்னது சவுண்ட் ஃபோர்ஜ். ஒலியை வெட்டி ஒட்டும் ஒரு எடிட்டர் அது. கட்டம் கட்டமாகத் தாளம் போடும் வசதி அதில் கிடையாது. அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்து அடிகளை வைத்தார். அதனாலேயே அவருடைய தாளம் கொஞ்சம் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டம்தான் இன்று அவருடைய முத்திரை.

அதே வருடம் ஸ்காட்லாந்தின் கால்வின் ஹாரிஸ் தன் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். செய்தது அமிகா கணினியில், ஆக்டாமெட் என்ற டிராக்கர் மென்பொருளில். அந்தக் கணினியைக் காயலான் கடையில்தான் தேடியிருக்க வேண்டும், அவ்வளவு பழசு. டிராக்கர் என்ற வகையையே தொடங்கி வைத்தது 1987-ல் ஜெர்மனியின் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கர். மொத்தம் நான்கு சேனல், அதாவது ஒரே நேரத்தில் நான்கே ஒலிகள். ஒரு கார்டு வாசிக்கவே மூன்று போய்விடும். அதனால் அந்தக் காலப் பையன்கள் கார்டின் ஸ்வரங்களை ஒரே சேனலில் படுவேகமாக மாற்றி மாற்றி ஒலிக்க வைத்தார்கள். பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் கேட்கும் அந்தக் கிறுகிறு ஒலி பிறந்தது இதுபோன்ற பற்றாக்குறையில்தான்.

அதே 2007-ல்தான் ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா'. அதன் டிரம்ஸ் ஆப்பிளின் கராஜ்பேண்டில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் ஒரு லூப்பிலிருந்து வந்தது. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த லூப் உலகம் முழுக்க எத்தனையோ கணினிகளில் இருந்தது. தட்டிக் கேட்டவர்கள் ஏராளம். பட்டன்தான் பாட்டு என்றால் ஊருக்கு ஊர் ஓர் 'அம்ப்ரெல்லா' வந்திருக்க வேண்டாமா?

பதினேழு வினாடி

கணினியில் ஒலியை உண்டாக்கி இசையாக்கிய முன்னோடி மேக்ஸ் மேத்யூஸ், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துப் பொறியாளர். 1957-ல் அவர் எழுதிய நிரல் ஐ.பி.எம். 704 கணினியில் ஓடியது. வெளிவந்த முதல் இசையின் நீளம் 17 வினாடி. அதன் ஒலிகள் அப்படியொன்றும் மனதைத் தொடுபவை அல்ல என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். கணினி இருந்தது நியூயார்க் நகரில். எண்களை ஒலியாக மாற்றும் கருவியோ நியூஜெர்சியில். காந்த நாடாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டால்தான் செய்தது சரியா தப்பா என்று காதுக்குத் தெரியும்.

இன்று ஸ்பேஸ் பாரைத் தட்டிய கணமே தெரிந்துவிடுகிறது. கணினி தந்த பெரிய வரம் இதுதான். ஒரு தப்பைச் செய்து, கேட்டு, திருத்தி, மறுபடி கேட்க ஐந்து வினாடி போதும். ஒரே சாயங்காலத்தில் நூறு முறை தப்பு செய்யலாம், செலவும் இல்லை. இந்த வசதி கையில் இருந்தும் நாலு தப்போடு சோர்ந்து ஓடுவதுதான் கொடுமை.

இப்போது நிஜமாகவே பட்டன் வந்துவிட்டது

ஒரு நியாயமான கேள்வி வரும். சுனோ, யூடியோ போன்ற செயற்கை நுண்ணறிவுச் சேவைகள் 2023, 2024-க்குப் பிறகு பரவிவிட்டன. "மழையைப் பற்றி சோகமாக ஒரு பாட்டு" என்று ஒரு வரி எழுதினால் குரலோடு முழுப்பாட்டே வந்துவிடுகிறது. அன்று கேலியாகச் சொன்னது இன்று உண்மையாகிவிட்டது. அப்புறம் எதற்கு 16 கட்டத்தோடு மாரடிக்க வேண்டும்?

பாட்டு ஒன்று வேண்டும், பிறந்தநாள் வீடியோவுக்குப் பின்னணியாகப் போட வேண்டும், அவ்வளவுதான் தேவை என்றால் மாரடிக்க வேண்டாம். தாராளமாகத் தட்டிக்கொள்ளலாம். ஆனால் அங்கே நடப்பதும் அந்தக் காலித் திரையில் நடப்பதுதான், இன்னும் பெரிய அளவில். எடுக்காமல் விட்ட முடிவுகள் எல்லாவற்றையும் மெஷின் தனக்குத் தெரிந்ததைக் கொண்டு நிரப்பித் தருகிறது. வந்த பாட்டு ஏன் பிடித்தது, ஏன் பிடிக்கவில்லை என்று தட்டியவருக்குச் சொல்லத் தெரியாது. பிடிக்காவிட்டால் மறுபடி தட்டுவார். அதிர்ஷ்டம் இருந்தால் நல்லது வரும்.

எட்டு வினாடிச் சிறையில் மூன்று மாதம் அடைபட்டு வெளியே வந்தவரின் கதை வேறு. அவர் செய்த பாட்டு சுமாராகவே இருக்கலாம். ஆனால் பேருந்தில் ஏதோ ஒரு சினிமாப் பாட்டு ஓடும்போது, "இங்கே பேஸை நிறுத்திட்டு அடுத்த பார்ல கொண்டு வர்றாங்க, அதான் ஜிவ்வுன்னு இருக்கு" என்று அவர் காதுக்குத் தெரியும். இனி அவர் கேட்கும் ஒவ்வொரு பாட்டும் அவருக்கு இரண்டு மடங்கு பெரியது. இந்தக் காதை எந்தச் சேவையும் தரவிறக்கித் தராது.

சரி, என்ன செய்யலாம்?

தொடங்குபவர்கள் ஒரே ஒரு மென்பொருளோடு நின்றுகொள்வது நல்லது. எல்.எம்.எம்.எஸ். முழுக்க இலவசம். ஒலியைப் பதிந்து வெட்டி ஒட்ட ஆடாசிட்டி இருக்கிறது, அதுவும் இலவசம். ஆப்பிள் கணினி இருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட். எது கையில் கிடைக்கிறதோ அது போதும். வேறொன்றை ஆறு மாதத்துக்குத் தேடாமல் இருப்பதுதான் கஷ்டமான பகுதி.

அடுத்தது, பிடித்த பாட்டு ஒன்றை எடுத்து எத்தனையாவது பாரில் எது வருகிறது, எது போகிறது என்று நோட்டில் எழுதிப் பார்ப்பது. பெரிய சங்கீத அறிவு வேண்டாம், ஒன்று முதல் நான்கு வரை எண்ணத் தெரிந்தால் போதும். அந்த ஒரு பக்கம் எத்தனையோ வீடியோ பாடங்களுக்குச் சமம்.

கடைசியாக, எவ்வளவு கேவலமாக இருந்தாலும் பாட்டை முடிப்பது. தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று நிமிடம். ஒரு ராத்திரி ஆறப்போட்டு, மறுநாள் வேறொருவருடைய ஸ்பீக்கரில் கேட்பது. அப்புறம் அடுத்த பாட்டு. இப்படிப் பத்து. முதல் பாட்டு கண்டிப்பாக நன்றாக இருக்காது. நான்காவதும் இருக்காது. ஆனால் பத்தாவதில் எது சரியில்லை என்று செய்தவருக்கே தெளிவாகத் தெரியும்.

அதற்குப் பிறகும் யாராவது வந்து "எல்லாம் கம்ப்யூட்டர் பண்ற வேலைப்பா" என்றால் சண்டை போட வேண்டாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, அந்த 16 கட்டங்களைத் திறந்து கொடுத்து, "எங்கே, ஒரு மூணு நிமிஷத்துக்குப் போடுங்க பார்ப்போம்" என்று சொன்னால் போதும்.